கேளாமல் தரும் நிழல்: கோடை, முதுமை, பெரியாழ்வாரின் பரிவு

கோடை வந்ததும் தமிழகக் கோயில்களில் தெய்வத்தைக் குளிர்விக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை நீளும் அக்னி நட்சத்திர நாள்களில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் கட்டுவார்கள். அதன் அடித்துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். பெருமாள் கோயில்களில் சந்தனக் காப்பு, வசந்த உற்சவம், பானகம், நீர்மோர். மாரியம்மனுக்கு வேப்பிலை, மஞ்சள் நீர், கூழ். மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது வைகையில் இறங்கும் கள்ளழகர்மீது பக்தர்கள் தோல் துருத்திகளால் தண்ணீர் பீய்ச்சி அவருடைய வெம்மையைத் தணிக்கிறார்கள். அழகர் அப்போது அணியும் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்து அனுப்பியது.

எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு வெயில் சுடுமா என்ற கேள்வி பழையது. சமய நூல்கள் இதற்குப் பல விடைகள் சொல்கின்றன. அதே கோடையில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. அதற்கு விடை காண்பது இன்னும் கடினம். வீட்டுத் திண்ணையில், தகரக் கூரையின் கீழ், கோயில் பிராகாரத்தில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு வெயில் சுடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைக் குளிர்விக்கும் கடமை எதன்மேல் நிற்கிறது? அவர் கேட்டால்தான் தர வேண்டுமா? வேண்டாம் என்றால் என்ன செய்வது? வெயிலையே அவர் நேர்த்திக்கடனாக ஏற்றுக்கொண்டால் தடுக்கலாமா?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இந்தக் கேள்விகளை ஆராய ஏற்ற ஊர்கள். இரண்டும் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை தடுத்துவிடுவதால் மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை வெயில்தான். அந்த வெயிலின் தொடக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலில் பூக்குழித் திருவிழா வருகிறது. ஆயிரக்கணக்கானோர் தீக்கங்குகளின் மேல் நடக்கிறார்கள். வெம்மையை விரும்பி ஏற்கும் வழிபாடும், வெம்மையைத் தணிக்கும் வழிபாடும் இங்கே அருகருகே நிகழ்கின்றன. இவற்றுள் முதியவருக்கு உரியது எது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆழ்வாரான பெரியாழ்வாரின் பாடல்களிலும் அவற்றுக்கு எழுந்த உரை மரபிலும் ஒரு விடை இருக்கிறது.

கேட்காத உடல்

மனித உடல் இரண்டு வழிகளில் வெப்பத்தை வெளியேற்றுகிறது. தோலுக்குக் கூடுதலாக இரத்தத்தை அனுப்புவது ஒன்று. வியர்வையை ஆவியாக்குவது மற்றொன்று. வயது ஏற ஏற இரண்டும் தளர்கின்றன. வியர்வைச் சுரப்பு குறைகிறது. தோலுக்கு இரத்தம் அனுப்ப இதயம் வேகமாக உழைக்க வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு அந்த உழைப்பே சுமையாகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கும். வேறு சில இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையையே தடுக்கும். சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பத்தாக்கு. அப்போது மூளை குழம்பும், பேச்சு குழறும், நினைவு தப்பும். சிறுநீரகமும் ஈரலும் பழுதாகும்.

இவை எல்லாவற்றையும்விட இந்தக் கட்டுரைக்கு முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. முதுமையில் தாக உணர்வே மங்கிவிடுகிறது. உடலில் நீர் குறைந்த பிறகும் தண்ணீர் வேண்டும் என்று தோன்றுவதில்லை. அறையின் வெம்மையைக்கூட இளையவர்கள் உணரும் அளவுக்கு முதியவர்கள் உணர்வதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். இரவில் எழுந்து கழிவறைக்குப் போக அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வலி வந்தால் உடல் முனகும். வெயில் தாக்கும்போது முதிய உடல் பேசாமலே இருந்துவிடுகிறது.

உலகின் பெரிய வெப்ப அலைகள் இதை உறுதிசெய்திருக்கின்றன. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் சில நாள்களுக்குள் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பெர்க், தனியாக வாழ்ந்த முதியவர்களே அதிகம் பலியானதையும், திருட்டுக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு பலர் உள்ளேயே இருந்துவிட்டதையும் எடுத்துக்காட்டினார். 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தபோதும் பெரும்பான்மையினர் முதியவர்கள். பலருடைய வீட்டார் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்தனர். இரு இடங்களிலும் தண்ணீர் இருந்தது, மருத்துவமனையும் இருந்தது. போய்ப் பார்க்க ஆள்தான் இல்லை.

கேட்டவருக்குக் கொடுப்பதையே அறமென்று கொண்டால், இப்படிப்பட்ட உடலுக்கு அந்த அறம் எட்டாது. கேட்கும் ஆற்றலைத்தான் கோடை முதலில் பறிக்கிறது. ஆகவே முதியவரைக் காக்கும் கடமைக்குக் கேட்பைச் சாராத ஓர் அடிப்படை தேவைப்படுகிறது.

பெரியாழ்வாரின் அச்சம்

அந்த அடிப்படையை ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு பரிவு என்ற பெயரால் அறியும். அவ்வூர்ப் பெருமாளான வடபத்ரசாயிக்கு நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டித் தந்தவர் விஷ்ணுசித்தர். பாண்டியன் அவையில் பரம்பொருள் திருமாலே என நிறுவிப் பொற்கிழி பெற்று, யானைமேல் மதுரை வீதியில் அவர் வலம் வந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அந்த ஊர்வலத்தைக் காண இறைவன் கருடன்மேல் வானில் எழுந்தருளினார். அதைக் கண்ட விஷ்ணுசித்தருக்கு மகிழ்ச்சி வரவில்லை, அச்சம் வந்தது. இத்தனை அழகும் இத்தனை பேர் கண்ணில் படுகிறதே, ஏதேனும் தீங்கு நேர்ந்துவிடுமோ என்று நடுங்கி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு அவர் இறைவனை வாழ்த்திப் பாடியது திருப்பல்லாண்டு. பெருகிய இந்தப் பரிவினால்தான் அவருக்குப் பெரியாழ்வார் என்ற பெயர் வாய்த்தது என்று உபதேச ரத்தினமாலையில் வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகள் கூறுகிறார்.

இது தத்துவ நோக்கில் இடறலான நிலை. எல்லாரையும் காப்பவனுக்கு ஒரு பக்தன் காப்பிடுவது எப்படிப் பொருந்தும்? இன்னொரு வைணவ ஆசாரியரான பிள்ளை உலகாசிரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இந்த ஐயத்தை எடுத்துக்கொண்டு விடை சொல்கிறார். அறிவு மேலோங்கிய நிலையில் இறைவன் காப்பவன், உயிர் காக்கப்படுவது. அன்பு மேலோங்கிய நிலையில் இந்த உறவு தலைகீழாக மாறிவிடுகிறது. உயிர் தன்னைக் காவலனாகவும் இறைவனைக் காக்கப்பட வேண்டியவனாகவும் எண்ணிக் கலங்குகிறது. இந்தக் கலக்கம் அறியாமையிலிருந்து பிறந்ததன்று. அறிந்த பின்னும் அன்பு தணியாததால் பிறந்தது.

இந்தப் பரிவுக்கு மூன்று இயல்புகள் உண்டு. முதலாவது, அது தேவை வெளிப்படும்வரை காத்திருப்பதில்லை. இறைவன் தனக்குக் காப்பு வேண்டும் என்று கேட்கவில்லை, தீங்கு வந்துவிடவுமில்லை. வரக்கூடும் என்ற நினைவே போதுமானதாக இருந்தது. இரண்டாவது, அது தன்னிலும் உயர்ந்தவரை நோக்கியது. இரக்கம் மேலிருந்து கீழே பார்ப்பது. பரிவோ வணங்கத்தக்கவரை வணங்கிக்கொண்டே காப்பது. மூன்றாவது, அது தனியாக நிற்பதில்லை. திருப்பல்லாண்டில் ஆழ்வார் தாம் மட்டும் வாழ்த்தி முடிப்பதில்லை. பலவகை அடியாரையும், வெவ்வேறு பயன்களை நாடி வருவோரையும் கூட அழைத்து வாழ்த்தச் சொல்கிறார்.

அவருடைய திருமொழியில் இந்தப் பரிவு வெயிலையே நேரடியாகத் தொடும் இடமும் உண்டு. கண்ணனைக் கன்று மேய்க்க அனுப்பிவிட்டு யசோதை வருந்துவதாக அமைந்த பதிகம் அது. குடையும் செருப்பும் கொடுக்காமல் சுடுகின்ற பரற்கற்கள் நிறைந்த காட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டேனே என்று அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். உலகளந்த அடிகளுக்குச் செருப்பு வேண்டுமா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. நிழலும் காலணியும் தருவதைப் பக்திப் பாடலின் பொருளாகவே ஆக்கிவிட்டார் ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆழ்வார்.

காப்பவரும் காக்கப்படுபவரும் இடம் மாறுவது எல்லாக் குடும்பங்களிலும் நிகழ்வது. தோளில் சுமந்த தகப்பனை ஒரு நாள் கைப்பிடித்து நடத்த வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தில் அவர் தகப்பன் என்னும் நிலையிலிருந்து இறங்கிவிடுவதில்லை என்பதைத்தான் பரிவின் இரண்டாம் இயல்பு காட்டுகிறது.

வேண்டாம் என்பவரிடம்

இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கேளாமலே காப்பது கட்டுப்படுத்துவதாக மாறிவிடாதா? வெயில் என்று சொல்லிப் பாட்டியை வீட்டுக்குள் பூட்டிவைப்பதும், தாத்தா நாள்தோறும் போகும் டீக்கடைக்குத் தடைபோடுவதும் காப்பின் பெயரால் நடக்கக்கூடியவை. முதியவர் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை இழந்தால், உடல் குளிர்ந்தாலும் மனம் வாடும்.

மறுப்பு நியாயமானது. அதற்கு விடையும் பரிவின் இரண்டாம் இயல்பிலேயே இருக்கிறது. பெரியாழ்வார் இறைவனைக் கருடன்மேல் உலா வர வேண்டாம் என்று தடுக்கவில்லை. உலாவை அப்படியே விட்டுவிட்டுக் காப்பை மட்டும் சேர்த்தார். கோடையில் முதியவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இதுவே. டீக்கடைக்குப் போகிறவரைத் தடுக்காமல் போகும் நேரத்தைக் காலை எட்டு மணிக்கு முன்னே மாற்றச் சொல்லலாம். தலையில் ஈரத்துண்டு போட்டு அனுப்பலாம். கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவைக்கலாம். தண்ணீர் வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்ற பதிலே வரும். கேட்காமல் செம்பைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் செம்பு காலியாகும். முதலாவது விசாரிப்பு, இரண்டாவது உபசாரம். கோயிலில் நைவேத்தியம் வைப்பவர் சுவாமியிடம் பசிக்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பதில்லை.

ஏற்றுக்கொள்ளும் முதியவரின் பக்கமும் ஒரு தடை உண்டு. பிறரைச் சார்ந்திருப்பது இழிவு என்ற எண்ணம் பலரை உதவியை மறுக்கச் செய்கிறது. வைணவம் இதில் வேறு நிலை எடுக்கிறது. இறைவனைச் சார்ந்து நிற்பதே உயிரின் உண்மையான இயல்பு என்பது அதன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. தன்னாலே ஆகும் என்ற நினைப்புத்தான் அங்கே குறைபாடு. இறைவனைச் சார்வதும் மருமகள் தரும் மோரை வாங்கிக் குடிப்பதும் ஒரே தளத்தில் வைக்கத்தக்கவை அல்ல. ஆயினும், சார்ந்திருப்பதில் தாழ்வில்லை என்று வாழ்நாளெல்லாம் கேட்டுப் பழகியவருக்கு அந்த மோரை வாங்கிக்கொள்வது எளிதாகலாம்.

நோன்புக்கு வயது வரம்பு

முதியவர் மறுப்பது வெறும் பிடிவாதத்தால் அன்றி, விரதத்தால் என்றால் சிக்கல் கூடுகிறது. ஏகாதசிப் பட்டினி, வெறுங்காலோடு கோயில் வலம், ஆடிப்பூரத் தேருக்கு நடை, ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏற்றம் ஆகியவை இப்பகுதி முதியவர்கள் பலருக்கு ஆண்டுக்கணக்கில் பழகியவை. உடம்பு தளர்ந்துவிட்டது என்பதற்காக அவற்றை விடுவது தெய்வத்துக்குச் செய்யும் குற்றமாக அவர்களுக்குத் தோன்றும்.

சமயங்களின் விதிகளோ பெரும்பாலும் அவர்களுக்கு விலக்குத் தந்திருக்கின்றன. ஏகாதசி விரதத்தை விளக்கும் தர்மசாஸ்திரத் தொகுப்புகள், எட்டு வயதைக் கடந்து எண்பது நிறையாதவர்களுக்கே அதைக் கடமையாக்குகின்றன. திருக்குர்ஆன் நோயாளிக்கும் பயணிக்கும் ரமலான் நோன்பைத் தள்ளிவைக்க இடம் தருகிறது. நோற்க இயலாத முதியவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் பரவலான முடிவு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் நோன்புக் கடமையை அறுபதாம் வயதின் தொடக்கத்தோடு நிறுத்திவிடுகிறது. மூன்று மரபுகளும் வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே இடத்தைச் சேர்கின்றன: தாங்க முடியாத உடலிடம் விதி கடுமை காட்டுவதில்லை.

பிள்ளை உலகாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சரணாகதிக்கு இடம், காலம், செய்முறை, தகுதி என்ற கட்டுப்பாடுகள் எவையும் இல்லை என்பது அவர் கூறும் முடிவு. வேறு வழிகளில் முயலும் வலிமையற்றவருக்கே சரணாகதி சிறப்பாக உரியது என்பதும் வைணவர் கொள்கை. அப்படியானால் தேர்வடத்தைத் தொட முடியாமல் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கோபுரத்தை நோக்கிக் கைகூப்பும் எண்பது வயதுப் பாட்டிக்குப் பயனில் எந்தக் குறைவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலை ராஜகோபுரம் 192 அடி உயரம். நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். விரதத்தை விடச் சொல்லி வாதிடும் மகனைவிட, அந்த விரதத்தின் நூல்களே விலக்குத் தருகின்றன என்று எடுத்துச் சொல்லும் பட்டரோ இமாமோ பங்குத்தந்தையோ முதியவரின் மனத்தை எளிதில் மாற்றக்கூடும்.

காளவாயும் தண்ணீர்ப் பந்தலும்

வெம்மையைத் தாங்குவதைப் போற்றும் கதைகளும் நிறைய உண்டு. சைவத்தில் புகழ்பெற்றது திருநாவுக்கரசர் வரலாறு. பல்லவ மன்னன் ஆணையால் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டு அடைத்தார்கள். ஏழு நாள் கழித்துத் திறந்தபோது ஊறின்றி இருந்தார். அந்த நீற்றறை அவருக்கு இறைவனின் திருவடி நிழலாகக் குளிர்ந்தது என்பது சைவர் நம்பிக்கை. உண்மையான அன்பனை வெயில் ஒன்றும் செய்யாது என்று இக்கதையைக் கொண்டு வாதிடுவோர் உண்டு.

ஆனால் இக்கதையைச் சொல்லும் சேக்கிழாரின் பெரியபுராணமே அதே நாவுக்கரசரின் பிற்கால வாழ்வில் வேறொரு காட்சியைத் தருகிறது. திருப்பைஞ்ஞீலிக்கு நடந்துபோகும் வழியில் அவர் பசியாலும் தாகத்தாலும் தளர்கிறார். சிவபெருமான் ஓர் அந்தணராக வந்து, வழியில் சோலையும் குளமும் அமைத்துக் காத்திருந்து, பொதிசோறும் தண்ணீரும் தந்து இளைப்பாற்றுகிறார். சுந்தரருக்கும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. திருக்குருகாவூர் செல்லும் வழியில் இறைவனே பந்தல் அமைத்துச் சோறும் நீரும் அளிக்கிறார். இடையில் திங்களூர் அப்பூதி அடிகள், முன்பின் கண்டிராத நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார். சேக்கிழார் அப்பந்தலின் நிழலையும் குளிர்ச்சியையும் விரித்துச் சொல்கிறார். அப்பூதி நாயன்மார்களில் ஒருவராக எண்ணப்படுவதில் அந்தத் தொண்டுக்கும் பங்கு உண்டு.

இக்கதைகளைச் சேர்த்து வாசித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காளவாயில் காத்தது இறைவனின் அருள்; அதில் இட்டவன் கதையில் கொடுமை செய்தவன். அடியார் தாங்கினார் என்பது, தாங்க வைத்தவனை நியாயப்படுத்தவில்லை. வழியில் தளர்ந்த அடியாரிடம் இறைவன் தாங்கும் வலிமையைக் கேட்கவில்லை, தண்ணீரோடு வந்தார். வெம்மையைத் தாங்குவது ஒருவர் தாமே ஏற்றுக்கொண்டால் தவமாகலாம். பிறர்மேல் சுமத்தினால் அது தவமாகாது. பூக்குழி இறங்குபவர் காப்புக்கட்டி, நோன்பிருந்து, தன் முடிவால் இறங்குகிறார். தகரக் கூரையின் கீழ் மதியம் முழுதும் படுத்திருக்கும் முதியவர் அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. அவருடைய வெக்கையைப் பொறுமை என்று புகழ்வது காளவாயில் இட்டவன் பக்கம் சேர்வதாகும்.

வள்ளலார் 1867 மே 23 அன்று, கோடையின் உச்சத்தில், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். உயிர்களுக்கு நேரும் துன்பங்களாக அவர் எண்ணிச் சொன்ன ஏழில் பசிக்கு அடுத்து நிற்பது தாகம். அத்துன்பங்களை நீக்குவதையே அவர் வழிபாடாகக் கொண்டார், பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

குளிர்ச்சி கொலையாகும் இடம்

இந்த மாவட்டத்தில் இப்பொருளைப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத ஒன்று தலைக்கூத்தல். படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீரை நிறையக் கொடுத்து, உடல் வெப்பத்தைத் தாழ்த்தியும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தும் சாவை விரைவுபடுத்தும் வழக்கம் இது. விருதுநகர் மாவட்டத்திலும் அதை அடுத்த தென்மாவட்டப் பகுதிகளிலும் சில இடங்களில் இது நடந்துவந்ததை 2010இல் வெளிவந்த செய்திகள் வெளியுலகுக்குக் காட்டின. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ இதை மையமாகக் கொண்ட திரைப்படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

எண்ணெய், குளிர்ந்த நீர், இளநீர் ஆகிய மூன்றும் கோடையில் முதியவரைக் காக்கும் பொருள்களாகவும் அறியப்பட்டவை. குளிர்விப்பது தன்னளவில் அறமாகாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று கிடைக்காது. செய்கையை அறமாக்குவது நோக்கமும் அளவும். நோய்வாய்ப்பட்டவரின் துன்பம் தீரட்டும் என்று சொல்லி இதை நியாயப்படுத்துவோர் உண்டு. வறுமையும் பராமரிக்க ஆளின்மையும் பின்னணியில் இருப்பதும் உண்மை. ஆனால் இங்கும் முதியவர் கேட்பதில்லை. கேளாமலே செய்யப்படும் இரண்டு செயல்களுள் ஒன்று தீங்கு நேருமோ என்ற அச்சத்திலிருந்து பிறக்கிறது. மற்றொன்று சுமை நீங்காதோ என்ற சலிப்பிலிருந்து பிறக்கிறது. பரிவு இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டறிய ஒரு சோதனை போதும்: செயலின் முடிவில் முதியவர் வாழ வேண்டும் என்ற விருப்பம் அதில் இருக்க வேண்டும். பல்லாண்டு பாடியதன் பொருளும் அதுவே. சட்டத்தின் கண்ணில் தலைக்கூத்தல் கொலை.

அளவும் நோக்கத்தைப் போலவே முக்கியம். நல்லெண்ணத்தோடு தரும் பொருளும் முதிய உடலுக்குத் தீங்காகலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. நீரிழிவு உள்ளவருக்குப் பானகத்தின் வெல்லமும், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு நீர்மோரில் அள்ளிப் போடும் உப்பும் அளவோடு இருக்க வேண்டும். இதயம் பலவீனமானவர்கள் சிலருக்கு மருத்துவர் தண்ணீருக்கே அளவு வைத்திருப்பார். கோடை தொடங்குமுன் அவரைக் கேட்டு அந்த அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். நினைவிழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டில் செய்யத்தக்கவை

பரிவு நாள்தோறும் செய்யும் சிறு செயல்களாக இறங்கினால்தான் பயன்படும். முதியவர் படுக்கும் அறையே முதற்கவனம் பெற வேண்டியது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் கீழே விடும். மாடி அறையில் இருப்பவரைக் கோடை மாதங்களிலாவது கீழே மாற்றலாம். தளத்தில் சுண்ணாம்பு அடிப்பதும், தகரத்தின் மேல் ஓலை வேய்வதும் வெப்பத்தைக் குறைக்கும். வெயில் ஏறுமுன் சன்னலை மூடித் திரையிட்டு, பொழுது சாய்ந்த பின் திறந்துவிட வேண்டும். வெளிக்காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது மின்விசிறி சூட்டைத்தான் மேலே வீசும்; உடலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விசிறியைப் போட்டால் பயன் உண்டு. கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துண்டு வைப்பது, காலைக் குளிர்ந்த நீரில் வைப்பது, தளர்ந்த பருத்தி வேட்டி சேலை அணிவிப்பது ஆகியவை செலவில்லாதவை.

தனியாக இருப்பவரை நாளுக்கு இருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். பேச்சு வழக்கம்போல் இருக்கிறதா, காலையிலிருந்து சிறுநீர் போனாரா, நடையில் தள்ளாட்டம் உண்டா என்று கவனிக்க வேண்டும். பிதற்றலும் கொதிக்கும் தோலும் தெரிந்தால் அதை வயதின் மறதி என்று விட்டுவிடாமல் நிழலுக்குக் கொண்டுவந்து, உடலை நனைத்து, விசிறிவிட்டு, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

ஊரின் பங்கு

பரிவின் மூன்றாம் இயல்பு கூட்டு அழைப்பு. பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கும் காலத்தில் வீட்டை மட்டும் நம்புவது போதாது. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு, 2021க்கான மதிப்பீட்டில் 13.6 விழுக்காடு. ராஜபாளையத்தின் பஞ்சாலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களும், விசைத்தறியிலும் தோட்டத்திலும் முதுமையிலும் உழைப்பவர்களும் இக்கணக்கில் அடங்குவர்.

அரசின் கடமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பில் சேர்க்கிறது. முதியவரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. அகமதாபாதில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்த பிறகு, அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது; இந்தியாவின் பிற நகரங்கள் அதைப் பின்பற்றின. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தரவும், தண்ணீர்ப் பந்தலுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் செலவிடவும் அது வழி செய்தது. அப்பூதி அடிகள் தனியொருவராகச் செய்த தொண்டு இப்போது பேரிடர் மேலாண்மையின் ஒரு பகுதி.

சட்டம் செய்ய முடியாத பகுதி கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றுடையது. கருங்கல் பிராகாரத்தில் தேங்காய்நார் விரிப்பு, வரிசையில் நிற்க இயலாதோருக்கு நிழலில் இருக்கை, காலைத் தரிசனத்தில் முதியவருக்கு முதலிடம், கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர் ஆகியவை தாரா பாத்திரம் கட்டும் கைகளுக்குப் பெரிய வேலை அல்ல. தண்ணீர்ப் பந்தல் பேருந்து நிலையத்தில் இருந்தால் நடமாடுகிறவர் தாகம் தீரும். நடமாட முடியாதவரின் தெருவுக்குப் பந்தல்தான் போக வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் தனியாக இருக்கும் முதியவர் யார் என்று பால்காரருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் தெரியும். அந்த அறிவைக் கோடைக்கு முன்பே ஒரு பட்டியலாக்கி, நாள்தோறும் கதவைத் தட்டும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் சிகாகோவில் இல்லாமற்போனது இங்கே கிடைக்கும்.

தெய்வத்தைக் குளிர்விப்பதும் முதியவரைக் குளிர்விப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் பெறுபவருக்குத் தேவை இல்லை. இரண்டாவதில் தேவை உண்டு, அதைச் சொல்லும் உணர்வு குறைந்துவிட்டது. இரண்டிலும் கேட்பு இல்லை என்பதுதான் பொது. கேட்பு இல்லாத இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதைக் கோயில் வழிபாடு நூற்றாண்டுகளாகப் பழக்கியிருக்கிறது: வேளை தவறாமல், அளவறிந்து, வணக்கத்தோடு தருவது. அந்தப் பழக்கத்தைத் தேவை உள்ளவரிடமும் செலுத்துவதே பெரியாழ்வார் ஊரின் சமயச் சிந்தனையிலிருந்து கோடைக்குப் பெறத்தக்க நெறி.